வரி கட்டத் தேவையில்லை, ஆனாலும் பிடித்துவிட்டார்கள்!
அந்தப் பணம் திரும்ப வரும்; கேட்டால்தான் வரும்!

வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை. ஆனாலும் வரி பிடிக்கப்படுகிறது. கணவரை இழந்த பெண்கள், வாடகை வேன் ஓட்டுபவர்கள், கம்பெனி வேலையை விட்டு நின்றவர்கள் எனப் பலருக்கும் இந்த நிலைமை. "சர்க்கார் எடுத்துக்கிட்டா எடுத்துக்கிட்டதுதான்" என்று பணத்தை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. அந்தப் பணத்தைச் சர்க்கார் வட்டியோடு திருப்பித் தரும். ஆனால் தானாகத் தராது. கணக்குக் காட்டிக் கேட்க வேண்டும். அதன் விவரம் வருமாறு:-

ரூ.7 ஆயிரம் எங்கே?

50 வயதுப் பெண் ஒருவர், கணவர் இறந்தபோது வந்த ரூ.10 லட்சத்தைப் பாங்கியில் டெபாசிட் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதம். ஆண்டுக்கு ரூ.70 ஆயிரம். வேறு வருமானம் இல்லை. கைக்கு வருவதோ ரூ.63 ஆயிரம்தான்.

"மிச்சம் எங்கே சார்?" என்று கேட்டால், "டி.டி.எஸ். பிடிச்சிருக்கும்மா" என்று பதில் வரும்.

பாங்கியின் மேல் குற்றம் இல்லை. 2025 ஏப்ரலில் வந்த விதிப்படி, ஆண்டு வட்டி ரூ.50 ஆயிரத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். 60 வயது ஆனவர்களுக்கு வரம்பு ரூ.1 லட்சம். ஆனால் 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி ரூ.4 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆகவே பிடித்த ரூ.7 ஆயிரமும் அந்த அம்மாளின் பணம்.

டிரைவருக்கும் உண்டு

கம்பெனிக்குச் சொந்த வேனை ஒப்பந்தத்தில் ஓட்டினால் பில் தொகையில் 1 சதவீதம் பிடிப்பார்கள். மாதம் ரூ.30 ஆயிரம் பில் என்றால் ஆண்டுக்கு ரூ.3,600. ஐந்து ஆண்டு முடியுமுன் வேலையை விட்டு, பி.எப். பணம் ரூ.50 ஆயிரமோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் பிடித்தம். வருமானம் வரம்புக்குள் இருந்தால் இதையும் திரும்பக் கேட்கலாம்.

பான் கார்டு ஜாக்கிரதை!

பான் எண் கொடுக்காவிட்டால் பாங்கியில் 10-க்குப் பதில் 20 சதவீதம் போய்விடும். அந்த அம்மாளுக்கு ரூ.14 ஆயிரம் நஷ்டம். எந்த எண்ணிலும் வரவு ஏறாததால் திரும்ப வாங்குவதும் கஷ்டம். ஆதாருடன் இணைக்காத பான் கார்டு 2023 ஜூலை 1 முதல் செல்லாக்காசு. அதற்கும் அதே 20 சதவீதம்தான். இணைக்கும்வரை பாக்கிப் பணமும் வராது. தாமதமாக இணைக்க அபராதம் ரூ.1,000.

எப்படி வாங்குவது?

வருமான வரித் துறையின் இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்தால், யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது தெரியும். அங்கேயே இலவசமாகக் கணக்குத் தாக்கல் செய்யலாம். கைக்கு வந்த ரூ.63 ஆயிரத்தைக் காட்டக் கூடாது. முழு வட்டி ரூ.70 ஆயிரத்தைக் காட்டி, பிடித்த ரூ.7 ஆயிரத்தைக் கேட்க வேண்டும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்ய வேண்டும். இதை மறந்தால் தாக்கல் செய்ததே வீண். பணம் நேராகப் பாங்கிக் கணக்குக்கு வரும். பான் கார்டிலும் பாஸ் புத்தகத்திலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

சாதாரணமாக ஜூலை 31 கெடு. தவறினால் டிசம்பர் 31 வரை அவகாசம். அதுவும் போய்விட்டால், தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போடலாம். 2024 அக்டோபரில் வந்த சுற்றறிக்கைப்படி இதற்கு ஐந்து ஆண்டு வரம்பு.

கமிஷன் ஆசாமிகள்

"பிடிச்சதுக்கு மேலேயே வாங்கித் தர்றேன், எனக்குக் கமிஷன் கொடு" என்று வருகிறவர்களிடம் உஷார்! இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை என்று பொய்க் கணக்கு எழுதிவிடுவார்கள். 2025 ஜூலையில் நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை போட்டது இப்படிப்பட்ட கணக்குகளுக்காகத்தான். மாட்டினால் வரியுடன் 200 சதவீதம் வரை அபராதம். கட்ட வேண்டியவர் கமிஷன்காரர் அல்ல; கணக்கில் பெயர் உள்ளவர்.

பிடிக்காமலே தடுக்கலாம்

"எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்" என்று உறுதிமொழி கொடுத்தால் பாங்கி பிடிக்காது. 60 வயதுக்குக் கீழே 15ஜி, மேலே 15எச் என்று பல ஆண்டு பழகிய படிவங்கள் இவை. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் எண்ணை நினைவு வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம். "வரி பிடிக்காமல் இருக்கக் கொடுக்கும் படிவம்" என்று கேட்டாலே போதும். ஒருமுறை கொடுத்தது அந்த ஆண்டோடு சரி. ஒவ்வோர் ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.