தலைகீழாகத் திரும்பிய பாம்பு
வீடியோ கேம் பிராணிகளின் பெயர்களில் ஒளிந்திருக்கும் சொல் விளையாட்டு, தமிழுக்கு வரும் வழியில் தொலைந்துபோகிறது

மட்டாஞ்சேரியிலும் அதற்குத் தெற்கே இடக்கொச்சியிலும் வீட்டுக்கு வீடு போர்ச்சுகீசியம் இருக்கிறது. ஜன்னலும் அலமாரியும் அந்த மொழி விட்டுச்சென்ற சொற்கள். 1530 வரை இந்தியாவில் போர்ச்சுகீசியரின் தலைமையிடம் கொச்சிதான். இங்கே படமெடுத்த நல்லபாம்பைப் பார்த்த அவர்கள் 'கோப்ரா டி கபெலோ' என்றார்கள். முக்காடு போட்ட பாம்பு என்று பொருள். ஆங்கிலம் அதை 'கோப்ரா' என்று சுருக்கிக்கொண்டது.

1996-ல் ஜப்பானில் அந்தக் கோப்ரா தலைகீழானது. நின்டெண்டோவின் கேம்பாய் கருவிக்காக வெளியான போகிமான் விளையாட்டில் ஒரு பாம்பின் பெயர் ஆர்போக். கோப்ராவை ரோமன் எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து படித்தால் கிடைப்பது. அதே ஆண்டு அமெரிக்காவில் பிரபலமான இன்னொரு விளையாட்டின் நாயகன் கிராஷ் பாண்டிகூட். பெருச்சாளியைத் தெலுங்கர்கள் பன்றியெலி என்ற பொருளில் 'பந்திகொக்கு' என்பார்கள். அது ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆகி, ஆஸ்திரேலியப் பிராணி ஒன்றுக்கு ஒட்டிக்கொண்டு, கடைசியில் கம்ப்யூட்டர் திரைக்கு வந்து சேர்ந்தது.

பெயர் வைப்பதும் ஒரு விளையாட்டு

முதலில் 151 ஆக இருந்த போகிமான் பிராணிகள் இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றின் பெயரிலும் ஏதாவது ஒரு விளையாட்டு. பிகாச்சுவில் 'பிகா' என்பது ஜப்பானியருக்கு மின்னும் பளிச்; 'சூ' என்பது எலியின் கீச். ஃபுஷிகிதானே என்றால் 'விசித்திரமாக இருக்கிறதே' என்றும் கொள்ளலாம், 'விசித்திர விதை' என்றும் கொள்ளலாம். நம் காளமேகப் புலவருக்குக் கைவந்த சிலேடையேதான்.

ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஒலியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. ஃபுஷிகிதானேயின் சிலேடை அங்கே செல்லாது என்று தெரிந்ததும், கிழங்கையும் டைனோசரையும் குறிக்கும் சொற்களை ஒட்டி 'பல்பசார்' என்றார்கள். ஜப்பானிய கிக்பாக்ஸிங் வீரர் சவாமுராவின் பெயரைத் தாங்கிய பிராணி, புரூஸ் லீயை நினைவூட்டும் ஹிட்மோன்லீ ஆயிற்று. ஆர்போக்கின் இளம் பருவத்துக்கு எகான்ஸ் என்று பெயரிட்டார்கள். பாம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் திருப்பிப்போட்டதுதான் அது.

இந்தியாவிலோ 2003-ல் ஹிந்தியில் தொடங்கிய டி.வி. தொடரிலும் சரி, பிறகு வந்த தமிழ் டப்பிங்கிலும் சரி, ஆங்கிலப் பெயர்களே ஒலிக்கின்றன. தமிழில் 'எகான்ஸ்' என்று எழுதித் திருப்பிப் படித்தால் பாம்பும் வராது, பல்லியும் வராது. ரோமன் எழுத்தில் மெய்யும் உயிரும் தனித்தனியாக நிற்கும்; தமிழில் 'கா' ஒரே எழுத்து. ஒலி வந்து சேர்கிறது; விளையாட்டு வழியிலேயே இறங்கிக்கொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1999-ல் வந்த ஒட்டகச்சிவிங்கிப் பிராணிக்கு ஆங்கிலத்தில் ஜிராஃபாரிக் என்று பெயர். ரோமன் எழுத்தில் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே படிக்கலாம். தமிழில் முடியாது. ஆனால் அதன் ஜப்பானிய மூலப் பெயர் கிரின்ரிகி. ஜப்பானியருக்கும் அசையெழுத்துதான். இந்தப் பெயரைத் தமிழில் எழுதித் திருப்பிப் பார்த்தால் மறுபடியும் கிரின்ரிகி! திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுக்கப் பாடிக் காட்டிய மாலைமாற்று, ஜப்பானிலிருந்து நேரே தமிழுக்கு வந்திருக்கலாம். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் அது கெட்டது.

அப்படியானால் எல்லாப் பெயரையும் மாற்றிவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. சீன மொழிப் பெயர்களை ஒரே சீராக்கப்போவதாக 2016-ல் அறிவிப்பு வந்தபோது, ஹாங்காங்கில் ரசிகர்கள் ஜப்பானியத் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலம் போனார்கள். கான்டனீஸ் மொழியில் பல வருடமாக அழைத்துப் பழகிய பிகாச்சுவின் பெயர் பறிபோகிறது என்பதே புகார். குழந்தையின் வாயில் ஏறிவிட்ட பெயர், பிறகு கம்பெனிக்கு மட்டும் சொந்தமல்ல. பிகாச்சுவை இனி யாரும் 'பளிச்கீச்சு' ஆக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம்.

புதிதாக வரும் பிராணிகளின் கதை வேறு. இரட்டைக்கிளவியும் சிலேடையும் மாலைமாற்றும் கையிலிருக்கும் மொழிக்குக் கருவிப் பஞ்சமில்லை. சிக்கல் சொந்தச் சரக்கில்தான். பாம்பைத் தமிழ் முறையில் திருப்பிப்போட்டால் 'பும்பா' என்று அருமையான பெயர் கிடைக்கிறது. ஆனால் டிஸ்னியின் 'லயன் கிங்' படத்துக் காட்டுப்பன்றி 1994-லேயே அதில் உரிமை கொண்டாடிவிட்டது. அதனாலென்ன, நாகமும் அரவும் சாரையும் விரியனும் இன்னும் திருப்பப்படாமல்தான் கிடக்கின்றன.