மலிவுத் துணியும் மதிநுட்பமும்

உணவுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் ஒதுக்கியது போக எஞ்சும் சிறு தொகையைக் கொண்டே நம்மிற் பலர் ஆடையும் படுக்கை விரிப்பும் போர்வையும் வாங்கவேண்டியிருக்கின்றது. அரிசியிற் கல் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். மீன் பழுதானால் மூக்கே சொல்லிவிடும். துணியின் குறையோ அத்தகையதன்று. கடையிலே மொரமொரப்பாகவும் பளபளப்பாகவும் இருந்த துணி முதற் சலவைக்குப் பின்னரே தன் உண்மை உருவைக் காட்டுகின்றது. அதன் பின்னர் பற்றுச்சீட்டைத் தேடிப் பயனில்லை.

துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சோ பழஞ்சீலையோ வைத்துத் தைக்கும் போர்வையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மனைப்பொருளியல் பயிலும் மாணவியோ, ஓய்வு வேளையில் தைக்கும் இல்லத்தரசியோ அதற்காகப் பல நாள் உழைக்கின்றார். துணி சில மாதங்களில் நைந்துபோனால் பணம் மாத்திரமன்று, அத்தனை நாள் உழைப்பும் வீணாகின்றது. செல்வர் ஒன்று கிழிந்தால் மற்றொன்று வாங்குவர். ஆதலின் துணியை மதிப்பிடும் அறிவு, பணம் குறைந்தவர்களுக்கே அதிகம் வேண்டப்படுவதாகும். அவ்வறிவுக்குப் பெரிய கருவிகள் வேண்டா. கண்ணும் கைவிரலும் சிறிது கணக்கும் போதும்.

கஞ்சியின் மாயம்

நெசவின்போது பாவு நூல், அதாவது நெடுக்கே ஓடும் நூல், அறாதிருக்கும் பொருட்டு அதற்குக் கஞ்சியிடுவது முறை. அதிலே குற்றமில்லை. ஆனால், ஐதான நெசவை அடர்த்தியானதாகக் காட்டும் பொருட்டு மிகையாக ஏற்றப்படும் கஞ்சியே வாங்குபவரை ஏமாற்றுகின்றது. இது புதிய தந்திரமன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரினாற் பஞ்சு வரவு குன்றியபோது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளிற் பல, குறைந்த நூலை வெண்களிமண் கலந்த பசையினால் நிரப்பித் துணியின் பாரத்தைக் கூட்டின. வாங்கியவர்கள் நூலுக்கன்றி மண்ணுக்கும் விலை கொடுத்தனர்.

இதனைக் கண்டறிவது எளிது. "முதலாளி, ஓரத்தைச் சற்றுக் கசக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டு, துணியின் ஒரு மூலையை இரு கைகளாலும் நன்றாக உரோஞ்சிப் பாருங்கள். வெண்பொடி உதிர்ந்தாலும், உரோஞ்சிய இடம் தளர்ந்து வலைபோலத் தோன்றினாலும், அத்துணியின் உறுதி கஞ்சியின் உறுதியே என்று கொள்ளலாம். நல்ல துணி மென்மையடையுமேயன்றி ஐதாகாது.

இழைகளை எண்ணுதல்

அடுத்து, துணியை ஒற்றையாக விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். இழைகள் ஒரே சீராகவும் நெருக்கமாகவும் இருக்கின்றனவா? ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் விலகியும் இருப்பின், விலகிய இடத்திலேதான் முதலிற் கிழியும். தையற் போர்வைக்கு ஏற்ற சாதாரண பருத்தித் துணியில் ஓர் அங்குலத்துக்கு நெடுக்கே ஏறக்குறைய 60 இழைகளும் குறுக்கே ஏறக்குறைய 60 இழைகளும் இருக்கும். கடதாசி அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, அதனைத் துணியின்மேல் வைத்து, ஊசி முனையாலும் பூதக்கண்ணாடியாலும் எண்ணிப் பார்த்தல் மாணவர்களுக்கு நல்லதொரு பயிற்சியாகும்.

நூலின் 'இலக்கம்' பற்றியும் அறிந்திருத்தல் நன்று. 840 யார் நீளமுள்ள நூற்கழிகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறையாகுமோ, அதுவே பருத்தி நூலின் இலக்கம். 40ஆம் இலக்க நூல் ஓர் இறாத்தலில் 33,600 யார், அதாவது 19 மைல் நீளம் ஓடும். இலக்கம் கூடக் கூட நூல் மெல்லியதாகும். எனவே, பெரிய இலக்கம் எப்போதும் உறுதியைக் குறிக்கும் என்று மயங்கலாகாது. குழந்தையின் மேற்சட்டைக்கு மெல்லிய நூல் நன்று. நாள்தோறும் விரிக்கும் விரிப்புக்குச் சற்றுப் பருத்த நூலே நன்று.

சாயமும் கலப்பும்

சாயத்தைச் சோதிக்க நனைத்த வெள்ளைக் கைக்குட்டை போதும். அதனாற் கடுஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு நிறத் துணிகளைத் தேய்க்கும்போது கைக்குட்டை நிறம் பெறுமாயின், அத்துணி வெள்ளைத் துணியோடு இணைத்துத் தைப்பதற்கு உதவாது. துணியின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். சாயமிட்ட நூலால் நெய்த கட்டம் இருபுறமும் ஒரே தெளிவாயிருக்கும். அச்சிட்ட கட்டம் மறுபுறத்தே மங்கியிருக்கும். அச்சிட்ட கோடு இழையின் நேரே ஓடாது சரிந்திருப்பின், எவ்வளவு திறமையாக வெட்டினாலும் தைத்த பொருள் கோணலாகவே தோன்றும்.

பருத்தி என்று சொல்லி விற்கப்படுவது முழுப் பருத்திதானா என்ற ஐயம் எழுந்தால், வீட்டிலே சில இழைகளை உருவி, குறட்டினாற் பிடித்து, பெரியவர் முன்னிலையில் எரித்துப் பார்க்கலாம். பருத்தி, கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கடினமான மணிபோலத் திரளும். கலப்புத் துணி தாழ்ந்ததென்று நாம் சொல்லவில்லை. அது விரைவில் உலரும், அதிகம் கசங்காது. ஆயினும் வியர்வையை உறிஞ்சுவதிற் பருத்திக்கு நிகராகாது. பருத்தியின் விலை கொடுத்துக் கலப்பை வாங்கலாகாது என்பதே நம் கருத்து.

சுருங்கும் அளவு

புதிய பருத்தித் துணி நீரிற் சுருங்குவது இயல்பு. அமெரிக்கரான சான்போர்ட் குளூவெற் என்பவர், துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். பழைய துணிகளின் கரையிற் காணப்பட்ட 'சன்போரைஸ்ட்' என்ற முத்திரை அவர் பெயரால் வந்ததே. அவ்வாறு சுருக்கப்படாத துணி 100க்கு 5 பங்கு சுருங்கினால், ஒரு யாரில் ஏறக்குறைய 2 அங்குலம் குறையும். நெடுக்கும் குறுக்கும் அவ்வாறே சுருங்கின், பரப்பிற் பத்திலொரு பங்கு போய்விடும். ஆகையால் வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்துக. பல துணிகளை இணைப்பதாயின் எல்லாவற்றையும் நனைத்தல் இன்றியமையாதது. ஒன்று சுருங்கி மற்றொன்று சுருங்காவிடின் தையல் இழுபட்டுத் துணி கிழியும்.

விலையை எவ்வாறு ஒப்பிடுவது?

36 அங்குல அகலத் துணி யார் 400 ரூபா என்றும், 45 அங்குல அகலத் துணி யார் 460 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதே மலிவு போலத் தோன்றும். ஆனால் அகலத்தைக் கணக்கிட்டாற் பின்னதன் விலை, முன்னதன் அளவுக்கு 368 ரூபாவே. ஒரு கடை யாரிலும் மற்றொரு கடை மீற்றரிலும் விலை சொல்லுமாயின், ஒரு மீற்றர் ஏறக்குறைய 39 அங்குலம் என்பதை மறக்கலாகாது.

ஆடைத் தொழிற்சாலைகளில் எஞ்சிய துண்டுகள் சில இடங்களில் நிறைக்கணக்கில் விற்கப்படுகின்றன. சிக்கனமாகத் தைப்போருக்கு இவை பெரும் உதவியாகும். எனினும் இங்கும் கணக்கு வேண்டும். சதுர மீற்றருக்கு 150 கிராம் நிறையுள்ள துணி ஒரு கிலோவில் 6½ சதுர மீற்றருக்குச் சற்று மேலாகக் கிடைக்கும். 250 கிராம் நிறையுள்ளது 4 சதுர மீற்றரே கிடைக்கும். மடிப்பிலே நிறம் வெளுத்திருக்கின்றதா, கறையோ துளையோ உண்டா, இழுத்தால் நீளும் துணி கலந்திருக்கின்றதா என்பவற்றைப் பிரித்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலான கணக்கு ஒன்றுண்டு. 400 ரூபாத் துணி 40 சலவைக்கும், 600 ரூபாத் துணி 120 சலவைக்கும் தாங்குமாயின், முன்னது சலவைக்கு 10 ரூபா, பின்னது 5 ரூபா. எது மலிவு என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கைத்தறித் துணியை மதிப்பிடும்போது மாத்திரம் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மருதமுனை போன்ற நெசவூர்களிலிருந்து வரும் துணியில் ஆங்காங்கே நூல் சிறிது பருத்திருப்பது குறையன்று. அது கையால் நெய்யப்பட்டதன் அடையாளம். நெசவு அடர்த்தியாகவும் கரை நேராகவும் இருந்தால், அச்சிறு வேற்றுமையைக் காட்டி விலையைக் குறைக்க முற்படுவது நெசவாளருக்கு நீதி செய்வதாகாது.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்றனர் நம் முன்னோர். கந்தையும் கசக்குதலைத் தாங்கியது என்பது அம்முதுமொழியிலேயே அடங்கியிருக்கின்றது. புதிய துணி அதனைத் தாங்குமா என்பதைக் கடையிலேயே கசக்கிப் பார்த்து அறிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை புடவைக்கடைக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, அவர்கள் விரல்களுக்கும் இந்தப் பாடத்தைக் கற்பியுங்கள்.