ஆறுமுக நாவலரும் விவிலியமும்

சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. கடலூர், பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கத்து மாணவர்களுக்கு நாவலர் என்றால் அந்தப் பள்ளியோ, பெரியபுராண வசனமோ நினைவுக்கு வரலாம். சைவ நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கும் முன்பு அவர் பல ஆண்டுகள் விவிலியத்தை வரி வரியாகப் படித்தவர். இந்தச் செய்தியைப் பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

நாவலர் 1822இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தார். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியரானார். பள்ளித் தலைவர் பீட்டர் பார்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியில் இருந்தார். அதற்குத் துணையாக நாவலரை வைத்துக்கொண்டார். நாவலர் ஞானஸ்நானம் பெறவில்லை. திருநீறு அணிந்த சைவராகவே இருந்து அந்தப் பணியைச் செய்தார். பார்சிவலும் தமிழை மதித்துக் கற்றவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. அதற்கு முன்பே, 1848இல், நாவலர் மிஷன் பள்ளியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார்.

அக்காலத்து மிஷனரித் துண்டுப் பிரசுரங்கள் கோயில் வழிபாட்டையும், விளக்கு, தூபம், நைவேத்தியம் ஆகியவற்றையும் மூடப்பழக்கம் என்று கண்டித்தன. இதற்கு மறுமொழியாக 1854இல் நாவலர் வெளியிட்ட நூல் 'சைவ தூஷண பரிகாரம்'. அதில் அவர் விவிலியத்தைப் பொய் என்று தள்ளவில்லை. விவிலியத்திலிருந்தே சான்று காட்டினார். யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டி, பொன் குத்துவிளக்கு, தூபபீடம், சமுகத்தப்பங்கள் எல்லாம் கடவுள் கட்டளையாகவே வருகின்றன. லேவியராகமம் பலிகளையும் தீட்டு விதிகளையும் விரிவாகக் கூறுகிறது. சாலொமோன் பெரிய ஆலயமே கட்டினான். சடங்கே தவறு என்றால் உங்கள் வேதத்திலுள்ள சடங்குகளை என்ன சொல்வீர்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நூலில் தெரிந்த விவிலியப் புலமையைக் கிறித்தவர்களே வியந்து எழுதினர்.

இந்த வாதத்துக்குக் கிறித்தவ இறையியலில் பதில் உண்டு. பழைய ஏற்பாட்டுப் பலிகள் வரப்போவதன் நிழல். கிறிஸ்துவின் மரணத்தோடு அவை நிறைவெய்தின என்கிறது எபிரெயருக்கு எழுதிய நிருபம். மாணவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாவலர் நூலை மட்டும் படித்துவிட்டு வழக்கு முடிந்தது என்று நினைப்பது, துண்டுப் பிரசுரத்தை மட்டும் படித்துச் சைவத்தை எடைபோடுவது போன்றதே. நாவலரின் நடையும் சாந்தமானதன்று. பல இடங்களில் காரம் மிகுதி. ஆனாலும், எதிர்த்தரப்பு எந்த நூலை வேதம் என்று கொண்டதோ அந்த நூலை அவர் முழுதும் படித்திருந்தார். அவரைக் கண்டித்தவர்களில் சைவ ஆகமங்களை அந்த அளவுக்குப் படித்தவர்கள் மிகச் சிலரே.

மிஷனிடமிருந்து அவர் வேறு பலவும் கற்றார். கோயிலில் பிரசங்கம் செய்வது, அச்சகம் நடத்துவது, வகுப்பு வாரியாகப் பாலபாடம் எழுதுவது ஆகியவற்றையெல்லாம் சைவத்துக்குக் கொண்டுவந்தார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

சாதி விஷயத்தில் அவர் பழைய வரம்புகளை விட்டு வெளியே வரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நம் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று அழைக்கக் கூடாது என 1869இல் நாவலர் தரப்பு கடுமையாக எழுதியது. அந்தப் பகை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. யாழ்ப்பாணத்தில் விவிலியத்துக்குக் கிடைத்த பொறுமையான வாசிப்பு இங்கே திருவருட்பாவுக்கு அவரிடம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.