சிரட்டைக் கரியும் நச்சுவாயுவும்

காத்தான்குடியிலும் அயலூர்களிலும் தேங்காய் துருவிய பின் சிரட்டை அடுப்புக்குப் போகும். முன்பு ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் அதுவே கரி. அதே சிரட்டைதான் நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடிகளுக்குள்ளும் இருக்கிறது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது.

1915 ஏப்ரல் 22இல், முதலாம் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜேர்மனியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. செய்தி கேட்ட பிரித்தானியப் பெண்கள் ஆயிரக்கணக்கான பஞ்சுத் துணிக் கவசங்களைத் தைத்து அனுப்பினர். ஆனால் வெறும் துணி வாயுவைத் தடுக்கவில்லை. பின்னர் கரி நிரப்பிய முகமூடி வந்தது. அதற்குச் சிரட்டைக் கரி மிகச் சிறந்ததெனக் கண்டார்கள். சிரட்டை போதாதபோது, 1918இல் அமெரிக்காவில் வீடு வீடாகப் பழக்கொட்டைகளைச் சேகரித்தார்கள்.

கரி என்ன செய்கிறது?

சிரட்டைக் கரியை மிகுந்த வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் எண்ணிறந்து உண்டாகும். இதுவே உயிர்ப்பூட்டிய கரி. இதன் ஒரு கிராமின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 40 பேர்ச் காணி அளவு வரும். நச்சு அதில் ஒட்டிக்கொள்கிறது. கரிக்கு எளிதில் பிடிபடாத வாயுக்களுக்காகச் செப்பு போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அவை நஞ்சுடன் தாக்கமுற்று அதைச் செயலிழக்கச் செய்யும். இலங்கையில் ஹேகார்ப் நிறுவனம் 1973 முதல் சிரட்டையிலிருந்து இக்கரியைத் தயாரிக்கிறது.

அடுப்புக் கரியைத் துணியில் கட்டி மூக்கில் வைப்பதால் பயனில்லை. முறையான முகமூடியின் கரியும் நிரம்பிவிட்டால் வேலை செய்யாது.

எமது மாவட்டத்திலும்

1990 ஜூனில் கிரானில் இருந்த இராணுவ முகாம் மீது விடுதலைப் புலிகள் குளோரினைப் பயன்படுத்தினர். அது அருகிலிருந்த காகித ஆலையின் குளோரின். 60க்கும் மேற்பட்ட படையினர் பாதிக்கப்பட்டனர். காற்றுத் திரும்பியதால் வாயு ஏவியவர்கள் பக்கமும் சென்றது.

ஷெல் விழுந்தால் பங்கருக்குள் ஓடப் பழகியவர்கள் நாம். குளோரினுக்கு அது ஆபத்து. அது காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமானது, பள்ளத்தில் தேங்கும். மேடான இடத்துக்கு, காற்று வரும் திசை நோக்கி, விலகிப் போக வேண்டும்.

வீட்டில் கவனம்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளைச் சுத்திகரித்த வெளிற்றும் தூளிலும் குளோரினே உள்ளது. அளவோடு பயன்படுத்தினால் அது நன்மை தரும்.

• வெளிற்றும் தூளையோ திரவத்தையோ மலசலகூடம் கழுவும் அசிட்டுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு உடனே கிளம்பும்.

• தூளை உலர்ந்த இடத்தில், அசிட், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத் தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

• மூக்கு எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். முக்காடு வாயுவைத் தடுக்காது. மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். கலவையை ஊற்ற உள்ளே திரும்பாதீர்கள்.

• வாயு பட்ட உடையை மாற்றுங்கள். கண்களைச் சுத்தமான நீரால் 15 நிமிடம் கழுவுங்கள்.

• மூச்சு முட்டினால் காத்தான்குடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ தாமதியாமல் செல்லுங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

சகோதரிகளே, மலசலகூடம் கழுவும் வேலை பெரும்பாலும் எமது கையிலும் எமது பெண்பிள்ளைகளின் கையிலுமே இருக்கிறது. இதை அவர்களுக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள்.