மச்சானின் காரில் விபத்து: யாருடைய இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டும்?

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், தன் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்பதால் மச்சானின் காரை வாங்கிக்கொண்டு காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு ஒரு நிக்காஹ் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு பைக்கில் கார் மோதி, பைக்கில் வந்தவரின் கால் முறிந்துவிடுகிறது. "என் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, அந்தக் கம்பெனியிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்கிறார் ஓட்டியவர். "நான் வண்டியிலேயே இல்லையே, நான் ஏன் சொல்ல வேண்டும்?" என்கிறார் மச்சான். இரண்டு பேர் சொல்வதும் தவறு.

நம் நாட்டில் மோட்டார் காப்பீடு ஓட்டுபவரைத் தொடர்வதில்லை, வண்டியைத்தான் தொடர்கிறது. எந்தக் கார் மோதியதோ, அந்தக் காரின் பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். (இன்சூரன்ஸ் கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதம் வேறு. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கவே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.) அதே சட்டத்தின் 134ஆம் பிரிவு, விபத்துக்குப் பின் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. முதலில் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். பிறகு, அந்த வண்டிக்குப் பாலிசி கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாலிசி எண்ணும் அதன் காலமும், விபத்து நடந்த தேதி, நேரம், இடம், காயம்பட்டவர் அல்லது இறந்தவர் விவரம், ஓட்டியவரின் பெயர், அவருடைய லைசென்ஸ் விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

ஓட்டியவரின் பெயர் என்ற இடத்தில்தான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. ஓட்டியவரின் லைசென்ஸ் காலாவதியாகி இருக்கும். உடனே வீட்டில் கூடிப் பேசி, லைசென்ஸ் உள்ள தம்பி ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்று மேடையில் சொல்லும்போது தலையாட்டும் நாமே, இதை 'குடும்பத்துக்கு ஓர் உதவி' என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் வழக்கில் நிற்கப்போவது அந்தத் தம்பிதான். மேலும், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். நாம் சொல்லாவிட்டாலும் செய்தி போய்ச் சேரும். நாம் மாற்றிச் சொன்னால் முரண்பாடு வெளிப்படும்.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது உறுதியானால், நிறுவனம் அடிபட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். அதாவது, நம்பிச் சாவி கொடுத்த மச்சானின் தலையில் விழும். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால், மறுபடியும் தேர்வு எழுதி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும்.

இரவல் வண்டியை ஓட்டியவருக்கே அடிபட்டால் நிலைமை இன்னும் கடினம். 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ராஜஸ்தான் வழக்கு ஒன்றைப் பாருங்கள். இரவல் வாங்கிய பைக்கை ஓட்டிச் சென்றவர், இன்னொரு பைக் மோதி இறந்துபோனார். குடும்பத்தார் மோதிய பைக்கை விட்டுவிட்டு, அவர் ஓட்டிய பைக்கின் சொந்தக்காரர் மீதும் அதன் இன்சூரன்ஸ் மீதும் மட்டும் வழக்குப் போட்டார்கள். இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்பவர், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்றது நீதிமன்றம். அந்தப் பாலிசியில் சொந்தக்காரரின் தனிநபர் விபத்துக்கென இருந்த 1 லட்சம் ரூபாய் மட்டுமே கிடைத்தது. (இந்தத் தொகையைப் பின்னர் 15 லட்சமாக உயர்த்தினார்கள்.) தவறு செய்த வண்டி எது, அதன் பாலிசி எது என்று முதலிலேயே பார்த்திருந்தால் அந்தக் குடும்பத்தின் கதை வேறாக இருந்திருக்கும்.

சரி, மச்சான் காரில் நடந்த விபத்தால் நம் காரின் போனஸ் போய்விடுமா? போகாது. க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் அந்தத் தள்ளுபடி, நம் பாலிசியில் நம் காரின் சேதத்துக்குக் க்ளெய்ம் செய்தால்தான் விழும். மச்சான் தன் கார் பம்பரைச் சரிசெய்யக் க்ளெய்ம் போட்டால் அவருடைய போனஸ் போகும். அதை ஈடுகட்டுவது ஓட்டியவரின் கடமை என்பது நம் கருத்து. மூன்றாம் நபருக்கான இழப்பீட்டால் போனஸ் குறைவதில்லை. எனவே போனஸுக்குப் பயந்து தகவலை மறைக்கத் தேவையே இல்லை.

லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அங்கே கம்பெனிகள் ஓட்டுபவரின் வரலாற்றைக் கேட்கின்றன. பெரும்பாலும் கடந்த 5 ஆண்டுகளில் எந்த வண்டியில் விபத்து நடந்திருந்தாலும், தவறு யாருடையதாக இருந்தாலும் சொல்லச் சொல்வார்கள். நண்பர் காரில் நடந்ததும் அதில் சேரும். கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராமல் நியாயமான கவனம் எடுப்பது, 2012இல் வந்த அந்நாட்டுச் சட்டப்படி பாலிசி எடுப்பவரின் கடமை. வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்யலாம்.

நம் ஊர் விண்ணப்பத்திலும் கேள்வியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். ஏஜென்ட் நிரப்பித் தந்தாலும் கையெழுத்து நம்முடையதுதான். அடுத்த முறை யாராவது கார் கேட்டு வந்தால், சாவியோடு பாலிசி நகலையும் கொடுங்கள்; அவருடைய லைசென்ஸில் உள்ள கடைசித் தேதியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.