கப்பல் அரிசியும் வயல் நெல்லும்

வெளிநாடுகளிலிருந்து எவ்வளவு அரிசி வருகின்றது என்னும் கணக்கு, துறைமுக உத்தியோகத்தருக்கும் வியாபாரிகளுக்கும் மட்டுமே உரியதெனக் கமக்காரர் பலர் எண்ணுவதுண்டு. அரிவி வெட்டி, நெல்லைக் களத்திற் குவித்துவிட்டு விலை கேட்கும் நாளிலேதான் அக்கணக்குத் தம்முடையதுமாகும் என்பது அவர்களுக்குத் தெரிய வருகின்றது. ஆகவே இலங்கையின் தானிய இறக்குமதி ஏறியும் இறங்கியும் வந்த வரலாற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இந்நாட்டு மக்கள் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்தது. பர்மாவே அதிற் பெரும்பங்கை அனுப்பியது. தேயிலையும் இறப்பரும் தெங்கும் விற்ற பணத்தைக் கொண்டு அரிசி வாங்குவது அக்காலத்தில் இலகுவாகத் தோன்றியது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகவே அவ்வழி அடைபட்டது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு தொடங்கியது.

யுத்தம் முடிந்த பின்னரும் நெருக்கடி தீரவில்லை. 1952 டிசம்பரிற் சீனாவுடன் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறப்பட்டது. மறு ஆண்டிற் கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகத்து 12 ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இறக்குமதி அரிசியின் விலை ஓர் அரசாங்கத்தையே அசைக்கவல்லது என்பதை அன்று யாவரும் கண்டனர்.

இதே காலத்தில் வயல்களில் நிகழ்ந்த மாற்றமோ அத்துணை ஆரவாரமின்றி நிகழ்ந்தது. 1948 இல் நெல்லுக்கு உத்தரவாத விலை ஏற்படுத்தப்பட்டது. 1952 இல் அது புசலுக்கு 12 ரூபாவாயிற்று. 1950களின் பிற்பகுதியிற் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் எச்-4 இனத்தை அளித்தது. 1970 முதல் பி.ஜி. இனங்கள் வந்தன. குள்ளமான இவ்வினங்கள், பசளையை ஏற்றுச் சாயாமல் நின்று விளைந்தன. 1950களின் தொடக்கத்தில் ஏக்கருக்கு 30 புசல் அளவிலிருந்த சராசரி விளைச்சல், இன்று நல்ல போகங்களில் 80 புசலைத் தாண்டுகின்றது. 1946 இல் 67 இலட்சம் அளவிலிருந்த சனத்தொகை 2012 இல் 2 கோடியைக் கடந்திருந்தும், அரிசி இறக்குமதி பல ஆண்டுகளிற் சிறு தொகையாகச் சுருங்கியது இதனாலேயாம். புதிய காணிகளும் மகாவலி நீரும் உதவின என்பது உண்மையே. எனினும் பெரிய வேலையைச் செய்தது ஏக்கர் விளைச்சலே.

ஆயினும் இந்நிலை உறுதியானதன்று. 2016/17 பெரும்போகத்தில் மழை பொய்த்தது. 2017 இல் 7 இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி இறக்குமதியாயிற்று. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் பெரும்பாலும் கழிந்திருந்தது. அப்போக விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2022 இல் மீண்டும் 7 இலட்சம் தொன்னுக்கு மேல் வந்தது. அந்நியச் செலாவணி வறண்டுகிடந்த அவ்வாண்டிலே, தமிழ்நாடு உதவியாக அனுப்பிய அரிசியையும் நாடு ஏற்க வேண்டியதாயிற்று. ஒருமுறை நீர், ஒருமுறை பசளை: ஒரே போகத்தின் குறையைத் தீர்க்க ஓராண்டுக் கப்பல்கள் வேண்டியிருந்தன.

கமக்காரரின் கவனத்துக்கு அதிகம் எட்டாத இறக்குமதி ஒன்றுண்டு. அது கோதுமை. இந்நாட்டிற் கோதுமை பயிராவதில்லை. 1980 இல் திருகோணமலையிற் பெரிய மா ஆலை திறக்கப்பட்டபின், மாவுக்குப் பதிலாகக் கோதுமைத் தானியமே வந்திறங்குகின்றது. சாதாரண ஆண்டுகளில் இது 10 இலட்சம் தொன் அளவினது. அரிசியில் தன்னிறைவு என்று பேசும்போது, காலையிற் பாணும் இரவிற் கொத்துரொட்டியும் கணக்கில் வருவதில்லை.

இறக்குமதி எந்த மாதத்தில் வருகின்றது என்பதும் பெரிது. பெரும்போக அரிவி வெட்டு பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் மும்முரமாகும். 2024 டிசம்பர் முதல் 2025 சனவரி நடுப்பகுதி வரை, நாட்டரிசியும் பச்சையரிசியுமாக ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேல் வந்தது. கடைகளில் தட்டுப்பாடு இருந்தமையால் அது தவிர்க்க முடியாததாயிருக்கலாம். ஆனால் அடுத்து அறுவடைக்கு வருவது கமக்காரரின் நெல்லாகும். களத்திலேயே ஈரநெல்லை விற்பவர் அவ்வேளையில் விலை பேச இயலாதவராகின்றார். 14 சதவீத ஈரப்பதத்துக்குக் குறையாமல் இருக்கும் நெல் பூஞ்சணம் பிடிக்கும். அவ்வளவுக்குக் கீழே காயவைத்து, நிலத்தில் முட்டாதபடி மரச்சட்டங்களின்மேல் மூடைகளை அடுக்கினால், விலை திரும்பும்வரை சில மாதங்கள் வைத்திருக்கலாம்.

மழை பிந்திய ஆண்டிலே, நாலு மாத இனத்தைப் பிடிவாதமாக விதைப்பதிலும் பி.ஜி. 300 போன்ற மூன்று மாத இனத்தை விதைத்தல் நன்று. குளத்து நீர் முடியுமுன் கதிர் முற்றிவிடும். வைக்கோலை எரித்தல் ஆகாது. பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்திற் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகின்றது. அதனை வயலிற் பரப்பி, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னர் உழுது புதைத்துவிட்டால், கப்பலில் வரும் பொட்டாசுப் பசளையின் தேவை அந்த அளவுக்குக் குறையும்.