ஆள் அனுப்பியவருக்கு என்ன கொடுப்பது?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் தண்ணீர் மோட்டார் திருத்துபவரிடமோ ஏ.சி. பூட்டுபவரிடமோ விசாரித்துப் பாருங்கள். அவருக்கு வரும் வேலைகளில் நிறைய இன்னொரு தொழிலாளி அனுப்பியதாகவே இருக்கும். வயரிங் செய்யப் போனவர் மோட்டாருக்கு ஆள் காட்டி விடுகிறார். டைல்ஸ் பதிக்கும் பாஸ் ஹாட்வெயார் கடையைக் காட்டி விடுகிறார். கல்யாண மண்டபக்காரர் வீடியோக்காரரையும் சோடனைக்காரரையும் காட்டி விடுகிறார். விளம்பரப் பலகை செய்யாத வேலையை இந்த ஒரு வார்த்தை செய்கிறது. அதற்குக் கூலி கொடுப்பதும் நமதூரில் புதிதல்ல. பெயர்தான் மாறும்: கொமிஷன், தரகு, ‘சந்தோசம்’.

இது கூடுமா என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். இமாம் புகாரி அவர்கள் தமது கிரந்தத்தில் தரகுக் கூலிக்கென்றே ஒரு தலைப்பு வைத்து, இப்னு ஸீரீன், அதா போன்ற முன்னோர்கள் அதில் குற்றம் காணவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். சூரா யூஸுபில், காணாமற்போன அரசரின் பாத்திரத்தைக் கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை என்று அறிவிக்கப்பட்டதை நாம் ஓதியிருக்கிறோம். அங்கே கூலி இவ்வளவு என்பது முதலிலேயே தெரியும்; காரியம் முடிந்தால்தான் கூலி. தத்தமது கொடுக்கல் வாங்கலுக்குரிய தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நான் இங்கே சொல்ல வருவது வியாபாரக் கணக்கு.

மோட்டார் ஒன்று திருத்த 12,000 ரூபா பில் என்று வைத்துக் கொள்வோம். செப்புக் கம்பி, பெயாரிங், கெபாசிட்டர் என்று சாமானுக்கு 7,500 போய்விடும். மிகுதி 4,500தான் கூலி. ‘பத்து வீதம்தானே’ என்று முழுப் பில்லுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் 1,200 ரூபா. அது உங்கள் கூலியில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். கடை வாடகை, கரண்ட் பில், கையாளின் சம்பளம் எல்லாம் மிச்சமுள்ள 3,300 ரூபாவிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் என்ன நடக்கும்? பழுதாகாத பெயாரிங்கும் மாற்றப்படும், பில் 15,000 ஆகும். பில் ஏறினால் அனுப்பியவரின் பங்கும் ஏறும் என்பதால் அவரும் வாய் திறக்க மாட்டார். வாடிக்கையாளருக்காகப் பேச அங்கே ஒருவருமில்லை.

இதன் முற்றிய நிலையைப் பார்க்க வேண்டுமானால் மாவனல்லை, மாத்தளைப் பக்கமுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களைப் பாருங்கள். சுற்றுலாப் பயணியை அழைத்து வரும் சாரதிக்குக் கொமிஷன் உண்டு, அது சாமானின் விலையில் ஏறும் என்று பயண வழிகாட்டி நூல்களே எச்சரிக்கின்றன. அங்கே வருபவர் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவார். நம்மிடம் வருபவரை வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சந்திக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வீதக் கணக்கை விட்டு, வேலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முதலே பேசி வையுங்கள். மோட்டார் என்றால் 500, ஏ.சி. பூட்டுவதென்றால் 1,000 என்பதுபோல. பில் ஏறினாலும் இறங்கினாலும் அது மாறக்கூடாது. அதை உங்கள் கூலியிலிருந்தே கொடுங்கள். பில்லில் ஏற்ற வேண்டாம். ‘உங்களை அனுப்பிய காக்காவுக்கு நான் 500 ரூபா கொடுப்பேன், அது உங்கள் பில்லில் இல்லை’ என்று வந்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் அந்தக் கொமிஷனில் கோளாறு இல்லை. சொல்லக் கூச்சமாக இருந்தால் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது.

காசு கைக்கு வந்த அன்றே கொடுத்து, கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். அனுப்பியவர் மூன்று முறை கேட்டு வாங்கும் நிலை வந்தால், நாலாவது ஆளை அவர் வேறு கடைக்கு அனுப்பி விடுவார்.

சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அவருடைய முதலாளிக்குத் தெரியாமல் கொடுப்பது வேறு விடயம். ஒரு நிறுவனத்தின் சுப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர் போன்றோர் வேலையை உங்களுக்குத் தருவதற்காகக் கை நீட்டினால் அது கொமிஷன் அல்ல. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. ‘அரசாங்க ஆளுக்குக் கொடுத்தால்தானே இலஞ்சம்’ என்ற பழைய பேச்சு இனிச் செல்லாது.

காசே வேண்டாம், நீ எனக்கு ஆள் அனுப்பு, நான் உனக்கு அனுப்புகிறேன் என்று நடத்துவோரும் உண்டு. நல்லதுதான். ஆனால் ஒருவர் வருடத்தில் இருபது பேரை அனுப்ப, மற்றவர் இரண்டு பேரை அனுப்பினால் மனக்கசப்பு வரும். இடைக்கிடை எண்ணிப் பாருங்கள்.

கொமிஷன் கொடுத்த பிறகு அதே மோட்டார் ஒரு வாரத்தில் மீண்டும் எரிந்தால், கொடுத்த 500ஐத் திருப்பிக் கேட்கலாமா? கேட்கக் கூடாது என்பதே என் கருத்து. அவர் ஆளைக் காட்டினார், நீங்கள் வேலையைப் பிழையாகச் செய்தீர்கள். அவரும்தான் அந்த வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கப் போகிறார்.